அறிவியல் எதன் மேல் நிற்கிறது?



பள்ளியில் விவாதம் சூடுபிடிக்கும்போது யாராவது ஒருவர் இப்படிக் கேட்பதுண்டு: "அறிவியலும் ஒரு நம்பிக்கைதானே? நிரூபிக்க முடியாத சிலவற்றை அதுவும் அப்படியே எடுத்துக்கொண்டுதானே தொடங்குகிறது? அப்புறம் அதற்கு மட்டும் என்ன தனி மதிப்பு?" அறிவியல் பிடித்த பிள்ளைகளுக்கு இதைக் கேட்டதும் கோபம் வந்துவிடும். "அறிவியல் எல்லாவற்றையும் நிரூபித்துவிட்டது" என்று பதிலுக்குப் பதில் சொல்லிவிடுவார்கள். அந்தப் பதில் சரியில்லை. கேள்வியோ மிக நல்ல கேள்வி. பெரிய தத்துவ அறிஞர்கள் பலர் இதோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். நாமும் அவசரப்படாமல், வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனையிலிருந்து தொடங்குவோம்.

ஒரு பூட்டு, ஒரு நூல்

சிறிய பூட்டு ஒன்றை உறுதியான நூலில் கட்டுங்கள். நூலின் மறுமுனையை ஜன்னல் கம்பியில் முடிந்துவிடுங்கள். முடிச்சிலிருந்து பூட்டின் நடுப்பகுதி வரை 1 மீட்டர் இருக்கட்டும். பூட்டைக் கொஞ்சமாக ஒரு பக்கம் இழுத்து, தள்ளாமல் விட்டுவிடுங்கள். அது போய்த் திரும்பி வந்தால் ஓர் அலைவு. 10 அலைவுகளுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். ஏறக்குறைய 20 விநாடி ஆகும்.

அதே நீளத்தில் இன்னும் கனமான பூட்டைக் கட்டிப் பாருங்கள். அப்போதும் ஏறக்குறைய 20 விநாடிதான்! நூலை 25 சென்டிமீட்டராகக் குறையுங்கள். இப்போது 10 விநாடி. நீளம் கால் பங்கானால் நேரம் பாதியாகிறது. எடை கூடினாலும் நேரம் மாறுவதில்லை. அருமையான இயற்கை விதி ஒன்றை உங்கள் வீட்டு ஜன்னலிலேயே பிடித்துவிட்டீர்கள்.

இதைக் கண்டுபிடிப்பதற்குள் எத்தனை விஷயங்களைக் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டீர்கள் என்று கவனித்தீர்களா? முதல் தடவைக்கும் இரண்டாம் தடவைக்கும் நடுவே உங்கள் அளவுகோல் நீளவில்லை, சுருங்கவில்லை என்று எடுத்துக்கொண்டீர்கள். கடிகாரத்தின் ஒரு விநாடியும் அடுத்த விநாடியும் சம அளவு என்று எடுத்துக்கொண்டீர்கள். அலைவை எண்ணிச் சொன்ன தோழி உண்மையைத்தான் சொன்னாள் என்று எடுத்துக்கொண்டீர்கள். உங்கள் ஜன்னலில் வேலை செய்யும் விதி பக்கத்துத் தெருவிலும் வேலை செய்யும், இன்று நடந்தது நாளைக்கும் நடக்கும் என்றும் எடுத்துக்கொண்டீர்கள். இப்படி நாம் முதலில் எடுத்துக்கொண்டு தொடங்கும் கருத்துகளை எடுகோள்கள் என்போம். எடுகோள் இல்லாமல் ஒரு பூட்டைக்கூட ஆட்டிப் பார்க்க முடியாது.

ஆக, விவாதத்தில் கேள்வி கேட்டவர் சொன்னதில் பாதி உண்மை. அறிவியல் வெறுங்கையோடு தொடங்குவதில்லை.

இனி மறுபாதியைப் பார்ப்போம். அளவுகோல் சரிதானா என்று சந்தேகம் வந்தால் என்ன செய்வீர்கள்? இன்னோர் அளவுகோலோடு ஒப்பிடுவீர்கள். அது சரிதானா? மூன்றாவதோடு ஒப்பிடலாம். இப்படியே போனால் எங்கே போய் நிற்கும்?

எடையைப் பொறுத்தவரை அந்த வரிசை பாரிஸ் நகருக்கு அருகே ஒரு பெட்டகத்தில் போய் நின்றது. பிளாட்டினமும் இரிடியமும் கலந்து செய்த சிறிய உருளை ஒன்று அங்கே இருந்தது. 1889 முதல் அதன் எடைதான் 1 கிலோகிராம் என்று உலகம் ஏற்றிருந்தது. அதன் நகல்கள் பல நாடுகளில் இருந்தன. பல ஆண்டுகளுக்குப் பிறகு அசலையும் நகல்களையும் ஒப்பிட்டபோது சிக்கல் தெரிந்தது. ஒரு நூற்றாண்டில் அவற்றுக்கிடையே 50 மைக்ரோகிராம் அளவுக்கு வேறுபாடு வந்திருந்தது. ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்குதான் 1 மைக்ரோகிராம். வேறுபாடு சின்னதுதான். ஆனால் மாறியது அசலா, நகலா? அசல் எவ்வளவு எடையோ அதுதான் கிலோகிராம் என்று நாமே வைத்திருந்ததால், அசல் தவறு என்று சொல்லவே வழியில்லை!

இங்கே விஞ்ஞானிகள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். "நம் முன்னோர் வைத்த உருளை, அதைத் தொடக்கூடாது" என்று சொல்லவில்லை. இதைவிட உறுதியான அடிப்படை வேண்டும் என்று பல ஆண்டுகள் உழைத்தார்கள். 2019 மே 20 முதல் கிலோகிராம் எந்த உலோகத் துண்டையும் சார்ந்திருக்கவில்லை. பிளாங்க் மாறிலி என்னும் இயற்கையின் எண் ஒன்றைக் கொண்டு அதை வரையறுத்துவிட்டார்கள். எடுகோள் இருந்தது, அதில் விரிசல் தெரிந்தது, அதை மாற்றினார்கள்.

வென்ற எடுகோள், தோற்ற எடுகோள்

இப்போது வானத்துக்குப் போவோம். 1781 மார்ச் 13 அன்று, இங்கிலாந்தில் பாத் என்னும் ஊரில், வில்லியம் ஹெர்ஷல் தன் தொலைநோக்கியில் யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்தார். ஆண்டுகள் செல்லச் செல்ல ஒரு தொல்லை தலைகாட்டியது. நியூட்டனின் ஈர்ப்பு விதியைக் கொண்டு கணக்குப் போட்டால் யுரேனஸ் எங்கே இருக்க வேண்டுமோ, அங்கே அது இல்லை. சற்று விலகி நின்றது.

இரண்டு வழிகள் இருந்தன. அவ்வளவு தொலைவில் நியூட்டன் விதி அப்படியே செல்லுபடியாகாது என்று சொல்லலாம். அல்லது, விதி சரிதான், நம் கண்ணில் படாத வேறு ஏதோ ஒன்று யுரேனஸைப் பிடித்து இழுக்கிறது என்று சொல்லலாம். பிரான்ஸ் நாட்டின் உர்பெய்ன் லெவெரியே இரண்டாவது வழியில் போனார். "விதி எங்கும் ஒன்றுதான்" என்பது அவருடைய எடுகோள். அதை வைத்துப் பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டு, கண்ணுக்குத் தெரியாத அந்தக் கோள் வானத்தில் எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று கண்டுபிடித்தார். பெர்லின் வானாய்வகத்தில் இருந்த யோகான் காலேவுக்குக் கடிதம் எழுதினார்.

கடிதம் 1846 செப்டம்பர் 23 அன்று போய்ச் சேர்ந்தது. அன்றிரவே காலே தொலைநோக்கியைத் திருப்பினார். ஹைன்ரிக் தாரெஸ்ட் என்ற மாணவர் புதிய விண்மீன் வரைபடம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் அமர்ந்தார். காலே தொலைநோக்கியில் பார்த்து ஒவ்வொரு ஒளிப்புள்ளியின் இடத்தையும் சொல்லச் சொல்ல, மாணவர் அது வரைபடத்தில் இருக்கிறதா என்று சரிபார்த்தார். அதிக நேரம் ஆகவில்லை. வரைபடத்தில் இல்லாத ஒரு புள்ளி அகப்பட்டது. அதுதான் நெப்டியூன்! லெவெரியே சொன்ன இடத்திலிருந்து 1 பாகைகூட விலகவில்லை.

கதை இங்கேயே முடிந்திருந்தால், "எடுகோளை நம்பினார், வென்றார்" என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் முடியவில்லை. சூரியனுக்கு மிக அருகில் சுற்றும் புதனும் தொல்லை கொடுத்தது. புதனின் நீள்வட்டப் பாதை மெல்ல மெல்லத் திரும்புகிறது. மற்றக் கோள்களின் இழுப்பையெல்லாம் கணக்கில் சேர்த்த பிறகும், ஒரு நூற்றாண்டுக்கு 43 விகலை மிச்சம் நின்றது. ஒரு பாகையில் 3,600 விகலைகள் உண்டு. இந்த வேகத்தில் ஒரே ஒரு பாகை விலக 8,000 ஆண்டுகளுக்கும் மேல் ஆகும். அவ்வளவு நுண்ணிய பிசகு! அதையும் விஞ்ஞானிகள் "போனால் போகட்டும்" என்று விடவில்லை.

லெவெரியே 1859இல் அதே வழியில் மறுபடியும் போனார். சூரியனுக்கும் புதனுக்கும் நடுவே இன்னொரு கோள் இருக்க வேண்டும் என்றார். அதற்கு வல்கன் என்று பெயரும் கிடைத்தது. பிரான்ஸில் ஒரு கிராமத்து மருத்துவர், சூரியனுக்குக் குறுக்கே அது போனதைப் பார்த்ததாகச் சொன்னார். லெவெரியே நேரில் போய் அவரைக் குடைந்து குடைந்து விசாரித்துத் திருப்தியடைந்தார். அடுத்தடுத்த சூரிய கிரகணங்களின்போது வானியலாளர்கள் வல்கனைத் தேடினார்கள். இதோ என்றார்கள் சிலர். வேறு யாருக்கும் அது தென்படவில்லை. வல்கன் என்று ஒரு கோளே கிடையாது. நெப்டியூனைக் கண்டுபிடித்துக் கொடுத்த அந்த மேதை, வல்கனை நம்பியபடியே 1877இல் காலமானார்.

விடை 1915 நவம்பரில் வந்தது. ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் ஈர்ப்பைப் பற்றிய புதிய கோட்பாட்டை உருவாக்கியிருந்தார். அதைப் புதனுக்குப் பொருத்தினார். எந்தப் புதிய கோளும் தேவைப்படவில்லை. அந்த 43 விகலை தானாகவே வந்து விழுந்தது! மகிழ்ச்சியில் சில நாட்கள் தன்னையே மறந்திருந்ததாக அவர் நண்பருக்கு எழுதினார்.

யுரேனஸின் கணக்கில் நியூட்டன் விதி காப்பாற்றப்பட்டது. புதனின் கணக்கில் அதே விதி திருத்தப்பட்டது. இரண்டையும் முடிவு செய்தது லெவெரியேயின் புகழும் அல்ல, நியூட்டனின் பெயரும் அல்ல. வானத்தைப் பார்த்தார்கள், வானம் தீர்ப்புச் சொன்னது.

யாருமே சந்தேகப்படாத ஒன்று

"அது சரி, பெரிய கோட்பாடுகளைச் சோதிக்கிறார்கள். சொல்லாமலேயே எல்லாரும் ஏற்றுக்கொண்ட எடுகோள்களை யார் சோதிப்பார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். அதற்கும் ஒரு கதை உண்டு.

ஒரு பம்பரத்தைச் சுற்றிவிட்டு, பக்கத்தில் ஒரு கண்ணாடியை நிமிர்த்தி வையுங்கள். பம்பரம் வலமாகச் சுற்றினால், கண்ணாடிக்குள் இருக்கும் பம்பரம் இடமாகச் சுற்றும். கண்ணாடிக்குள் தெரிவதும் இயற்கையில் நடக்கக்கூடியதுதான். பம்பரத்தை இடமாகவும் சுற்றிவிடலாமே! இயற்கையில் நடக்கும் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும், இயற்கைக்கு இடம் வலம் என்ற பாகுபாடு கிடையாது என்று இயற்பியலாளர்கள் நினைத்தார்கள். இதைச் சந்தேகிக்க வேண்டும் என்றே பெரும்பாலோருக்குத் தோன்றவில்லை.

1956இல், அமெரிக்காவில் வேலை செய்த சீன இளைஞர்கள் இருவர், சுங்-தாவோ லீயும் சென்-நிங் யாங்கும், பழைய ஆய்வுகளையெல்லாம் புரட்டிப் பார்த்தார்கள். அணுக்கருவிலிருந்து எலக்ட்ரான் வெளிப்படும் சிதைவு போன்ற நிகழ்வுகளில் இந்த எடுகோளை யாருமே சோதித்ததில்லை என்று கண்டார்கள். எல்லாரும் சும்மா எடுத்துக்கொண்டிருந்தார்கள்!

சியென்-ஷியுங் வூ என்ற பெண் விஞ்ஞானி அந்தச் சோதனையைச் செய்ய முன்வந்தார். கணவரோடு கப்பலில் போகவிருந்த நெடும் பயணத்தைக்கூட இதற்காக விட்டுவிட்டார். வாஷிங்டனில் ஓர் ஆய்வகத்தில், கதிரியக்கக் கோபால்ட்டை, இதற்குமேல் குளிர முடியாது என்னும் வெப்பநிலைக்கு மிக அருகே கொண்டுபோனார்கள். அந்தக் கடுங்குளிரில் காந்தப் புலத்தைக் கொண்டு கோபால்ட் அணுக்கருக்களை ஒரே திசையில் சுழலும்படி நிறுத்தினார்கள்.

இப்போது மறுபடியும் கண்ணாடியை நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் சுழற்சி எதிர்த்திசைக்கு மாறும். ஆனால் மேலே பாயும் எலக்ட்ரான் கண்ணாடியிலும் மேலேதான் பாயும். எனவே, இயற்கை இடத்தையும் வலத்தையும் ஒன்றாகவே நடத்துவது உண்மையானால், எலக்ட்ரான்கள் மேலேயும் கீழேயும் சம அளவில் வர வேண்டும். வரவில்லை. ஒரு பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் வந்தன. வோல்ஃப்காங் பவுலி என்ற புகழ்பெற்ற இயற்பியலாளர், சம அளவில்தான் வரும், பெரும் தொகை பந்தயம் கட்டவும் தயார் என்று முன்பே எழுதியிருந்தார். 1957 தொடக்கத்தில் முடிவு வெளிவந்தது. அவரும் ஏற்றுக்கொண்டார்.

அங்கேயும் அப்போதும் இதே விதியா?

இன்னும் ஆழமான எடுகோள் ஒன்று மிச்சமிருக்கிறது. இங்கே உள்ள விதிதான் எங்கும், இன்றுள்ள விதிதான் என்றும் என்பது. இதையும் தொட்டுப் பார்க்க முடியுமா? ஓரளவு முடியும்.

1868 ஆகஸ்ட் 18 அன்று இந்தியாவில் முழுச் சூரிய கிரகணம் தெரிந்தது. அந்த ஆண்டில் சூரியனின் விளிம்பிலிருந்து வந்த ஒளியைப் பிரித்துப் பார்த்தவர்கள் ஒரு மஞ்சள் கோட்டைக் கண்டார்கள். ஒவ்வொரு தனிமத்துக்கும் தனக்கென்று ஒளிக்கோடுகள் உண்டு. இந்தக் கோடு பூமியில் அறிந்த எந்தத் தனிமத்தோடும் பொருந்தவில்லை. "விதி அங்கேயும் ஒன்றுதான் என்றால், இது புதிய தனிமமாக இருக்க வேண்டும்" என்றார் நார்மன் லாக்கியர். அதுதான் ஹீலியம். 1895இல் வில்லியம் ராம்சே யுரேனியம் கலந்த ஒரு கனிமத்திலிருந்து வெளிவந்த வாயுவில் அதே மஞ்சள் கோட்டைக் கண்டார். சூரியனில் பார்த்தது பூமியிலும் கிடைத்துவிட்டது!

காலத்தைப் பற்றி ஆப்பிரிக்கா ஒரு சாட்சி சொன்னது. காபோன் நாட்டில் ஓக்லோ என்னும் இடத்து யுரேனியத் தாதுவில், இருக்க வேண்டிய அளவைவிடக் குறைவாக ஒரு வகை யுரேனியம் இருந்தது. 1972இல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் அதன் காரணத்தைத் துருவினார்கள். ஏறக்குறைய 200 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே பூமிக்கடியில் இயற்கையாகவே அணுக்கருப் பிளவு நடந்திருக்கிறது. அது விட்டுச்சென்ற தடயங்களை இன்றைய அணு விதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால் மிக நெருக்கமாகப் பொருந்துகின்றன. அன்றும் விதி ஏறக்குறைய இதேதான்.

அடியில் இருப்பது

நேற்று வரை சரி. நாளைக்கு? ஸ்காட்லாந்தின் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் 18ஆம் நூற்றாண்டில் இதைத்தான் கேட்டார். சூரியன் இத்தனை நாளும் உதித்தது. அதனால் நாளையும் உதிக்கும் என்கிறோம். "இதுவரை இயற்கை ஒழுங்காக நடந்தது, ஆகவே இனியும் நடக்கும்" என்பதற்கு என்ன சான்று? இதுவரை அப்படித்தான் நடந்தது என்பீர்கள். ஆனால் நிரூபிக்க வேண்டியதும் அதேதானே! சுற்றிச் சுற்றி வந்து நின்ற இடத்திலேயே நிற்கிறோம். ஹியூமின் கேள்விக்கு எல்லாரும் ஒப்புக்கொள்ளும் பதில் இன்றுவரை இல்லை. இயற்கைக்கு ஓர் ஒழுங்கு உண்டு என்பதை அறிவியல் நிரூபிக்கவில்லை, எடுத்துக்கொள்கிறது. இதை மறைக்க வேண்டியதில்லை. நேர்மையாகச் சொல்லிவிடுவோம்.

அப்படியானால் எல்லாமே ஆட்டம் காண்கிறதா? ஓட்டு வீட்டில் மழைக்காலத்துக்கு முன் ஓடு மாற்றுபவரைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கத்துச் சட்டத்தில் உட்கார்ந்துகொண்டுதான் மறுபக்கத்து ஓட்டைக் கழற்றுவார். பிறகு இந்தப் பக்கம் நகர்ந்து அந்தப் பக்கத்தைப் பார்ப்பார். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் கழற்ற முடியாது. ஆனால் கழற்றிப் பார்க்கவே கூடாத ஓடு என்று ஒன்றும் இல்லை. அறிவியலும் இப்படித்தான் வேலை செய்கிறது. சில எடுகோள்களின் மேல் இருந்துகொண்டு மற்றவற்றைச் சோதிக்கிறது. நியூட்டன் விதி, கிலோகிராம் உருளை, கண்ணாடி எடுகோள் எல்லாவற்றுக்கும் முறை வந்தது. நாளை வேறொன்றுக்கு வரும்.

"நான் எதையும் சோதித்ததில்லையே, பாடநூலைத்தானே நம்புகிறேன்?" என்று உங்களில் ஒருவர் கேட்கக்கூடும். நானும் கோபால்ட்டைக் குளிரவைத்துப் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் எல்லாராலும் சோதிக்க முடியாது; பிறர் உழைப்பின் மேல் நம்பிக்கை வைக்கத்தான் வேண்டும். ஆனால் வூ தன் சோதனையின் வழிமுறையைத் திறந்து வைத்தார். கருவியும் திறமையும் உள்ள எவரும், அவரைப் பிடிக்காதவர்கூட, செய்து பார்க்கலாம். வேறு குழுக்கள் உடனேயே செய்தும் பார்த்தன. சரிபார்க்கக் கதவு திறந்திருக்கும் நம்பிக்கை இது.

மனிதருக்கு வேறு நம்பிக்கைகளும் உண்டு. பாட்டி விளக்கேற்றிக் கும்பிடுவது, நண்பன் கைவிடமாட்டான் என்று நாம் இருப்பது, இவையெல்லாம் பூட்டையும் நூலையும் வைத்துச் செய்தது போன்ற சோதனைக்கு வரவேண்டியவை அல்ல. அவற்றுக்கு வாழ்க்கையில் வேறு இடம் உண்டு. இந்த மருந்து நோயைக் குணமாக்கும், இந்தக் கோள் இந்த நாளில் இங்கே தெரியும் என்று உலகத்தைப் பற்றி ஒருவர் அடித்துச் சொல்லும்போதுதான் அறிவியலின் முறை தேவைப்படுகிறது. அப்போது அவரிடம் மரியாதையாக ஒன்று கேளுங்கள்: "எது நடந்தால் நீங்கள் சொன்னது தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள்?" லெவெரியே சொன்ன கோளுக்கு விடை இருந்தது: சொன்ன இடத்தில் அது தெரியாமல் போனால் தவறு. பவுலிக்கும் விடை இருந்தது. "எது நடந்தாலும் நான் சொன்னதே சரி" என்பவர், வெள்ளை அங்கி போட்டிருந்தாலும், அறிவியல் பேசவில்லை.

இந்தக் கேள்வியை எங்களைப் போல அறிவியல் எழுதுகிறவர்களிடமும் கேளுங்கள், உங்கள் பாடநூலிடமும் கேளுங்கள். இந்த மாதம் அறிவியல் பாடம் ஒன்றை எடுத்து, அதில் சொல்லாமலே எடுத்துக்கொள்ளப்பட்ட கருத்து ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். அது தவறாக இருந்தால் உலகில் என்ன மாறித் தெரியும் என்று ஒரு பக்கம் எழுதி, ஆசிரியரிடமும் நண்பர்களிடமும் காட்டுங்கள். லீயும் யாங்கும் 1956இல் செய்த வேலையும் இதுதான்.